தொங்கும்போது முறுக்கிய போல்ட்

முதலில் கெடுதல் செய்தது திருமூர்த்திதான். அங்கிருந்து தொடங்கினால்தான் கதை நியாயமாக இருக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், கோயம்புத்தூர் டிராக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் நாச்சிமுத்து தன் கையால் ஸ்பிரிங் மாற்றி இரண்டு இஞ்ச் தாழ இறக்கிய கார் ஒன்று பந்தயத்துக்கு வந்திருந்தது. காலையில் திருமூர்த்தி வந்து, "ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கறன்டா" என்று சாவியை வாங்கிப் போனான். வளைவில் ஓரக்கல்லில் முன்சக்கரத்தை இடித்தான். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி, டை ராடு என்பார்கள், அது வளைந்துபோனது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கையைக் கழுவினான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதியம் அந்தக் கார் நேராக ஓடவில்லை. மூக்கு ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தி பானெட்டில் ஓங்கித் தட்டிச் சொன்னான்:

"நாச்சிமுத்து இறக்குன வண்டி அத்தனையும் நண்டுடா! பார்க்கறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம்!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் நண்டு நாச்சிமுத்து.

மறுநாள் வளைந்த கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார். திருமூர்த்தி மறைக்கவில்லை. "ஆமாடா, லேசா இடிச்சுப்போட்டன். அதுக்கென்ன இப்ப?" என்றான். தனியாக. யாரும் இல்லாத இடத்தில்.

அதே வார்த்தையை அந்த நாற்பது பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுதான் அவன் தர வேண்டியது. ஒன்பது வருடமாகத் தரவில்லை. பழசை மறந்துவிடுங்கள் என்று நாச்சிமுத்துவிடம் சொன்னவர்கள் நிறைய உண்டு. அவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றவர் இல்லை.

இந்த வருடம் டிராக்கில் புதிதாக ஒரு பிரிவு வைத்தார்கள். ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு. ஒருவர் முடித்த பிறகு ஒருவர், தனித்தனியாக ஓட்ட வேண்டும். கடிகாரத்தோடுதான் போட்டி.

செய்தி காதில் விழுந்த நிமிடமே நாச்சிமுத்துவுக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிட்டது. அறுபத்தொரு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பெயர் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது, அவ்வளவு அழுத்தம்.

தன்னிடம் இருந்த பழைய வெள்ளைக் காரை எடுத்தார். நெட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிக் கட்டை ஸ்பிரிங் போட்டார். வண்டி இறங்கி நின்றதைப் பார்க்க வேண்டுமே! எலியைப் பார்த்துவிட்ட பூனை மாதிரி, வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாப்பிடக் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

பிறகு ஓட்டிப் பார்த்தார்.

இடது பக்கம் இழுத்தது.

கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். திரையில் எல்லாம் பச்சை. இருபது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இடது. திரும்பப் போனார். மறுபடி பச்சை, மறுபடி இடது. மூன்றாவது தடவை அங்கிருந்தவன் ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்தான்.

"வண்டியக் கீழ இறக்குனா இப்படித்தானுங்ணா இருக்கும். பழகிக்குங்க."

ஸ்டியரிங் இப்போது நேராக இருந்தது. கார் இடது பக்கமே போனது.

அன்று சனிக்கிழமை காலை. மறுநாள் பத்து மணிக்குப் பந்தயம். கார் இப்படியே போய் டிராக்கில் சாய்ந்து ஓடினால், ஒன்பது வருடத்துக்கு முன்னால் திருமூர்த்தி சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடும். 

போத்தனூருக்கு வண்டியை விட்டார்.

போத்தனூரில் ரயில்வே லைனை ஒட்டி ஃபிலோமினாவின் ஷெட். நாற்பத்து நான்கு வயது. ஐ.டி.ஐ.யில் பன்னிரண்டு வருடம் மோட்டார் பாடம் நடத்திவிட்டு வந்தவர். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. இரண்டு சுருள் தூண்டில் நரம்பு, நான்கு இரும்பு ஸ்டாண்டு, ஒரு ஸ்கேல், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று. இன்னொரு வழக்கமும் உண்டு. டீச்சர் ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டி கொண்டுவந்தவர்தான் கழற்ற வேண்டும், பூட்ட வேண்டும். டீச்சர் ஒரு பழைய பஸ் பிரேக் டிரம்மின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நாச்சிமுத்துவுக்கு வாசலில் கால் தயங்கியது. முப்பது வருடம் தொழில் செய்துவிட்டு இன்னொருவரிடம் போய், எனக்குத் தெரியவில்லை என்று நிற்பதா? அதற்குக் காரணமும் திருமூர்த்திதான் என்று நினைத்துக்கொண்டதும் கால் தானாக உள்ளே போனது.

"வாங்ணா. என்ன வண்டிக்கு?"

"இடது பக்கம் இழுக்குதுங்க அம்மிணி."

"எப்ப இருந்து?"

"ஒம்பது வருசமா."

டீச்சர் காரைப் பார்த்தார். "இந்த வண்டிய எப்ப வாங்குனீங்க?"

"போன ஆடியில."



நாச்சிமுத்து டிக்கியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த வளைந்த கம்பியை எடுத்தார். "இதைப் பாருங்க அம்மிணி. திருமூர்த்தின்னு ஒருத்தன். அன்னைக்கு அவன் பண்ணுனதுதான் இது. நாப்பது பேரு முன்னால என்ன சொன்னான் தெரியுங்களா?"

சொன்னார். முழுவதும் சொன்னார். ரயில் ஒன்று வந்து போனது. அது போகும்வரை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

டீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு கம்பியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அநியாயந்தான்."

"அநியாயமில்லீங்களா?"

"இது இந்த வண்டிக்குப் பொருந்துமா?"

"அதெப்படிங்க பொருந்தும்? அது வேற வண்டி."

"அப்ப வெளிய வெச்சுட்டு வாங்க. நடக்கற எடத்துல கெடந்தா தடுக்கும்."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் கொண்டுபோய் வெளியே சுவரோரம் வைத்துவிட்டு வந்தார்.

"நரம்பு கட்டுங்க" என்றார் டீச்சர்.

காரின் இரண்டு பக்கமும், சக்கரத்தின் நடுமட்டத்துக்கு, நாச்சிமுத்து நரம்பை இழுத்துக் கட்டினார். நரம்பிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்புக்கு எவ்வளவு, பின்விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சக்கரத்தின் தலை எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார்.

"வலது ஏழு மில்லி சாயுது. இடது ரெண்டுதான்."

"ரெண்டு பக்கமும் வண்டி ஒரே உயரத்துல நிக்குதா?"

நாச்சிமுத்து வாயைப் பிளந்தார். சக்கரத்தைத்தான் இத்தனை நாளும் எல்லோரும் அளந்தார்கள். உயரத்தை அவரும் அளக்கவில்லை, கம்ப்யூட்டர்காரனும் அளக்கவில்லை.

ஸ்கேலை நிறுத்தி அளந்தார். இடது பக்கம் ஆறு மில்லி தூக்கலாக நின்றது.

"கண்டுபிடிச்சுட்டன்!" என்று கத்தினார். "ஸ்பிரிங்! ஒண்ணு நெட்டை, ஒண்ணு கட்டை! கடைக்காரன் என்னை ஏமாத்திப்போட்டான் அம்மிணி! இன்னைக்கே போயி அவன் சட்டையப் புடிக்கறன்!"

"புடிக்கலாம். அதுக்கு முன்னால இடது ஸ்பிரிங்கை வலதுலயும், வலதை இடதுலயும் போட்டுப் பாருங்க. ஸ்பிரிங் தப்புன்னா தூக்கல் வலது பக்கம் போயிரும்."

அது மூன்றரை மணி நேர வேலை. நாச்சிமுத்து ஒரே மூச்சில் செய்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, மறுபடி அளந்தார்.

இடதுதான் ஆறு மில்லி தூக்கல்.

கடைக்காரன் தப்பித்தான்.

மணி ஒன்று ஆகிவிட்டது. இன்னும் இருபத்தொரு மணி நேரம். நாச்சிமுத்துவின் கைவிரல்கள் தொடையில் தாளம் போட்டன. பையைத் துழாவி உருட்டு அரத்தை எடுத்தார்.

"எதுக்குங்ணா அரம்?"

"ஷாக் அப்சார்பரோட அடி போல்ட் ஓட்டையை நீளமா ராவிப்போடறன். இடது சக்கரத்தோட தலையை நானே உள்ள தள்ளி முறுக்கிடறன். அஞ்சு நிமிசம்."

"ராவுன எடத்துல திரும்ப இரும்பு வளருமா?"

"வளராது."

"அப்ப அது கடைசி வேலை. முதல் வேலை இல்லை."

நாச்சிமுத்து அரத்தைக் கீழே போட்டார். சத்தமாகப் போட்டார்.

"அப்ப என்னதாங்க பண்றது? நான் நேராக்கறன், அது திரும்பிக்குது. நேராக்கறன், திரும்பிக்குது. யாரோ உள்ள உக்காந்து இழுக்கற மாதிரி! ஏன் அம்மிணி? அதை மட்டும் சொல்லுங்க!"

டீச்சர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆர்மை எடுத்துவந்தார். சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆட்டும் இரும்புக் கை அது. அதன் அடியில், வண்டியோடு சேருகிற இடத்தில், ரப்பர் புஷ் ஒன்று இருக்கும்; அதன் நடுக்குழாய் வழியாகத்தான் போல்ட் போகும். அந்தக் குழாயை மேசை வைஸின் இரும்புப் பிடிக்குள் வைத்து நாச்சிமுத்துவை இறுக்கச் சொன்னார். ஆர்ம் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

"கீழ அழுத்துங்க."

அழுத்தினார். ஒரு சாண் இறங்கியது.

"அப்படியே புடிங்க. நான் சொல்ற வரைக்கும்."

டீச்சர் போய்க் கையைக் கழுவிவிட்டு, டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம். நிதானமாகச் சாப்பிட்டார். நாச்சிமுத்து பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடத்தில் கை நடுங்கியது. ஐந்து நிமிடத்தில் தோள் எரிந்தது. விடவில்லை. விடுகிற ஆள் இல்லை அவர்.

"முட்டுதுங்களா?" என்று கேட்டார் டீச்சர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே.

"முட்டுது! மேல தூக்குது!"

"ரப்பர் வழுக்கிக்கிட்டுச் சுத்தலையா?"

"எங்க சுத்துது? கவ்விப் புடிச்சிருக்குது. முறுக்கிக்கிட்டுத் திரும்பி வரப் பார்க்குது!"

"எங்க திரும்பி?"

"முந்தி இருந்த எடத்துக்கு!"

"அதுதான் தன் எடம்னு அதுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க, அங்க வெச்சு நாமதான முறுக்..."

நின்றுவிட்டார். கை தானாக விட்டது. ஆர்ம் படாரென்று மேலே எகிறி அவர் முழங்கையில் அடித்தது. வலி தெரியவில்லை.

"டீச்சர்!"

அதுவரை அம்மிணி என்றவர் அப்போதுதான் முதல் தடவையாக டீச்சர் என்றார்.

"டீச்சர், இடது பக்கம்! இடது பக்கத்து போல்ட்டை நான் தொங்கவிட்டு முறுக்கிட்டன்!"

வண்டி நின்ற இடத்துக்கு அடியில் வெட்டியிருந்த பட்டறைக் குழியில் குதித்தார். அடியிலிருந்தே கத்தினார். "தாழ இறக்குனா ஆர்ம் போல்ட்டை லூஸ் பண்ணி, வண்டியத் தரையில நிறுத்தி, பாரம் உக்காந்தப்புறந்தான் முறுக்கணும்! இது எனக்குத் தெரியுமுங்க டீச்சர்! நல்லாத் தெரியும்! தூக்கி வெச்சு முறுக்குனா சக்கரம் தொங்குன எடத்தையே ரப்பர் புடிச்சுக்கும். அப்புறம் வண்டிய இறக்குனா அது மேல மேல தூக்கும். அதான் ஆறு மில்லி! அதான் இடது!"

"தெரிஞ்ச வேலை எப்படித் தப்பாச்சு?"

 குழியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. மூக்கில் கிரீஸ்.

"வலது பக்கம் முடிச்சுட்டனுங்க. தரையில நிறுத்தித்தான் முறுக்குனன். இடது பக்கம் ஜாக்கியில நின்னுது. போல்ட்டைக் கையால சும்மா பூட்டி வெச்சிருந்தன். அப்பத்தான் டிராக் ஆபீஸ்ல இருந்து போன். யாரு முன்ன, யாரு பின்னன்னு படிச்சாங்க. எனக்கு முன்னால ஓட்டறது திருமூர்த்தின்னு சொன்னாங்க."

"சொன்னதும்?"

"கையில ஸ்பேனர் இருந்துச்சு."

டீச்சர் டிபன் டப்பாவை மூடினார்.

"முப்பது வருசத்துல இந்தத் தப்பை ஒருக்காகூடப் பண்ணுனதில்லீங்க டீச்சர்."

"தெரியுதுங்ணா."

"எப்படித் தெரியும்?"

"வலது பக்கம் சரியா இருக்குதே."

அப்புறம் வேலை பறந்தது. வண்டி நான்கு சக்கரமும் தரையில் பதிய, குழிக்கு மேலே நின்றது. "உங்க எடை என்ன?" என்றார் டீச்சர். எழுபத்து நான்கு. அதே எடைக்கு இரண்டு மூட்டை மணலை நாச்சிமுத்து தூக்கிவந்து டிரைவர் சீட்டில் வைத்தார். ஓட்டுகிற ஆளின் பாரமும் ஏறினால்தான் வண்டி நாளைக்கு நிற்கப்போகும் உயரத்தில் இன்றைக்கு நிற்கும். மூட்டை சாயாமல் இருக்க பெல்ட்டையும் போட்டுவிட்டார்.

"உங்களைவிட அது அமைதியா உக்காந்திருக்குது" என்றார் டீச்சர்.

"இப்ப லூஸ் பண்ணுங்க" என்றதும் நாச்சிமுத்து குழியில் இறங்கி, ஸ்பேனரை இடது போல்ட்டில் மாட்டினார். முழு உடம்பையும் கொடுத்து இழுத்தார்.

டக்!

காரின் இடது தோள் இறங்கியது. கண்ணெதிரே இறங்கியது! யாரும் தொடவில்லை, தள்ளவில்லை. தானாக, மெதுவாக, இத்தனை நாள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்த மாதிரி.  குழியிலிருந்து ஏறிவந்து அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே உயரம். மறுபடி அளந்தார். ஒரே உயரம்!

"வண்டிய நாலு தரம் அமுக்கி விடுங்க. உக்காரட்டும்."

அமுக்கினார். உட்கார்ந்தது.

"இப்ப முறுக்குங்க."

"எவ்வளவு டீச்சர்?"

"எவ்வளவு முறுக்கணுமோ அவ்வளவும். பாதி முறுக்கு வேண்டாம்."

முறுக்கினார். சரியான அளவு வந்ததும் முறுக்கு ஸ்பேனர் 'டிக்' என்றது. மறுபடி நரம்பு, மறுபடி தூக்குக்குண்டு. இப்போது இரண்டு சக்கரமும் ஐந்து மில்லி உள்ளே சாய்ந்திருந்தன.

"ரெண்டும் சாயுதுங்களே?"

"தாழ இறங்குனா சாயத்தாங்ணா செய்யும். ரெண்டும் ஒரே மாதிரி சாஞ்சுட்டா வண்டி நேராப் போகும்."

தாழ இறக்கியதில் சக்கரங்களின் மூக்கு இரண்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிந்திருந்தன. டை ராடுகளை இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகி, நரம்புக்கு நேராகக் கொண்டுவந்தார். கால் சுற்று அங்கே, கால் சுற்று இங்கே. நான்கரை மணிக்கு நரம்பை அவிழ்த்தார். மணல் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தான் ஏறினார்.

செட்டிபாளையம் ரோட்டில் ஆள் இல்லாத இடம் பார்த்து, ஐம்பதில் போகும்போது, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

கார் நேராகப் போனது.

உள்ளே தனியாக உட்கார்ந்து ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள்! ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து இறங்கியவர், டீச்சர் முன்னால் குனிந்தார்.

"டீச்சர், கால்ல விழுந்தர்றன்."

"வேண்டாங்ணா. இடுப்பு புடிச்சுக்கும். நாளைக்கு வண்டி ஓட்டணும்."

"நாளைக்கு வருவீங்கல்ல?"

"சர்ச்சுல பூசை முடிஞ்சதும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் நல்ல கூட்டம். அந்த நாற்பது பேரில் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். நாச்சிமுத்து எண்ணிவிட்டார். இரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். திருமூர்த்தியை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்ல வைப்பது என்று ஒரு நிமிடம் கவலையாக இருந்தது.

திருமூர்த்தி வந்தான். தொப்பை வைத்திருந்தது. கறுப்புக் கண்ணாடி, புதுச் சட்டை.

"டேய் நண்டு! உசுரோட இருக்கறயா?"

"இருக்கறன். உங்கிட்ட வாங்க வேண்டியது ஒண்ணு கெடக்குதுல்ல, அதான் போகல."

திருமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தான். எதைச் சொல்கிறார் என்று அவனுக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, அந்தச் சிரிப்பில் தெரியவில்லை.

திருமூர்த்தி முதலில் ஓட்டினான். நன்றாகத்தான் ஓட்டினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நிமிடம் முப்பத்திரண்டு நொடி.

அடுத்தது நாச்சிமுத்து.

கொடி இறங்கியதும் கார் துள்ளியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, டயர் கீச்சென்று கத்தியது, வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு வளைந்தது. முன்பெல்லாம் வளைவை விட்டு வெளியே வரும்போது கையோடு மல்லுக்கு நிற்கும். இன்றைக்குக் கையைத் தளர்த்தினால் போதும், தானே நிமிர்ந்தது.  சிரித்துக்கொண்டே ஓட்டினார். மூன்றாம் வளைவு, நான்காம் வளைவு. எதிரே நேர்ப்பாதை. இருபத்தாறு பேரும் வேலியோரம் நின்றார்கள்.

அந்த இடத்தில் நாச்சிமுத்து இரண்டு கையையும் தூக்கினார். தலைக்கு மேலே, கூரை தட்ட, விரலை விரித்துக் காட்டினார்.

கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

"நண்டு நேராப் போகுதுடோய்!" என்று எவனோ கத்தினான். விசில், கைதட்டல். ஒருவன் தன் தொப்பியையே தூக்கி எறிந்துவிட்டான். கடைசி வளைவுக்கு முன்னால் நாச்சிமுத்து கையை இறக்கி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஒரு நிமிடம் முப்பத்தொன்றரை நொடி. கையைத் தூக்காமல் இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். குறையாவிட்டால் போகிறது!

வண்டியை நிறுத்தி இறங்கினார். கால் தரையில் நிற்கவில்லை. கூட்டம் சூழ்ந்துகொண்டது. தோளில் தட்டினார்கள், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். திருமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். காருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு சக்கரத்தையும் பார்த்தான். எழுந்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்:

"நூல் புடிச்சாப்பல போகுதுடா உன் வண்டி!"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

நாச்சிமுத்து காத்திருந்தார். அடுத்த வார்த்தைக்கு. இதுதான் இடம், இவர்கள்தான் ஆட்கள். அவன் வாயைத் திறந்தான். 

"வாடா, டீ குடிக்கலாம்" என்றான் திருமூர்த்தி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான். கூட்டமும் அவன் பின்னால் போனது.

வேப்பமர நிழலில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலை, மடியில் ஜெபப் புத்தகம். நாச்சிமுத்து நேராக அவரிடம் போனார். முகத்தில் வியர்வையும் சந்தோசமும் கோபமும் ஒன்றாக வழிந்தன.

"பார்த்தீங்களா டீச்சர்?"

"பார்த்தேன். அழகாப் போச்சு."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"வண்டி நல்லா இருக்குதுங்கறான். இன்னைக்கு நல்லா இருக்குதுங்கறது எனக்கே தெரியுமே. அன்னைக்கு இடிச்சது நான்தான்னு சொன்னானா?"

"சொல்லலை."

"அவன் எனக்குத் தர வேண்டியது இன்னும் அவங்கிட்டத்தான கெடக்குது?"

"அவருகிட்டத்தான் இருக்குது."

இதை நாச்சிமுத்து எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். டீக்கடைப் பக்கமிருந்து திருமூர்த்தியின் குரல் உரக்கக் கேட்டது. ஏதோ பழைய பந்தயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்குப் புரியுதுங்க டீச்சர். நேத்து முழுக்க நீங்க சொல்லிக்குடுத்தது போல்ட்டை மட்டுமில்லைன்னு எனக்குப் புரியுது. படிக்காதவன்தான், ஆனா மண்டு இல்லை." அவர் குரல் தாழ்ந்தது. "நீங்களும் எல்லாரையும் மாதிரி விட்டுருன்னுதான் சொல்றீங்க. இல்லீங்களா? லூஸ் பண்ணச் சொன்னீங்களே."

"லூஸ் பண்ணச் சொன்னேன். அப்புறம்?"

"அப்புறம் முறுக்கச் சொன்னீங்க."

"எவ்வளவு?"

"முழு முறுக்கு."

"எங்க நிறுத்தி?"

"தரையில. இன்னைக்கு நிக்கற எடத்துல" என்றார் நாச்சிமுத்து. "நான் அன்னைக்குத் தொங்குன எடத்துலயே முறுக்கி வெச்சிருந்தனுங்க டீச்சர்."